பெரிய வெள்ளிக்கும் பைலாவுக்கும் நடுவே

என் வீட்டுக்காரர் ட்ரம்ஸ் அடிப்பவர். தொழில் அதுவல்ல; கிழமை நாட்களில் ஒரு தளபாடக் கடையில் சோபாக்களை ஏற்றி இறக்குவார். ஆனால் மொன்றியலில் இருக்கும் எங்கள் ஆட்களிடம் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால், ஒருவரும் சோபாவைச் சொல்லமாட்டார்கள். ஞானஸ்நானம், கலியாணம், ஐம்பதாவது பிறந்தநாள், எதுவானாலும் அவருடைய கோஷ்டிதான். அவர் அடிக்கத் தொடங்கினால் முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர்கள்கூட எழும்பிப் போய் ஆடுவார்கள். நான் மட்டும் மேடைக்குப் பக்கத்து மேசையில், மற்றப் பெண்கள் ஆடப் போகும்போது தந்துவிட்டுப் போன கைப்பைகளுக்குக் காவல் இருப்பேன். ஒரு கலியாணத்தில் பதினொரு கைப்பை வரை பார்த்திருக்கிறேன்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். குறையாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் கலியாணத்திலேயே இது தொடங்கிவிட்டது. நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். கோவிலில் தாலி கட்டி மண்டபத்துக்கு வந்ததும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் முதலில் ஆட வேண்டும், பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம். அவர் என்னைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து எடுப்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளை உடுப்போடு, அறிமுகமில்லாத முந்நூறு பேருக்கு முன்னால், எனக்கே அவ்வளவாக அறிமுகமில்லாத ஒருவருடைய தோளைப் பிடித்தபடி நின்றேன். பாட்டு பாதி போயிருக்காது, அவருக்குப் பதிலாக ட்ரம்ஸில் இருந்தவர் தாளத்தைத் தவறவிட்டுவிட்டார். இவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு நிமிசம்" என்றார். கோட் சூட்டோடு போய் ட்ரம்ஸில் குந்திவிட்டார். மண்டபமே கைதட்டியது. மிச்சப் பாட்டுக்கு மாப்பிள்ளைத் தோழன் என்னோடு ஆடினார். வீடியோவில் அந்த ஒரு நிமிசம் ஒன்றேகால் மணித்தியாலம் ஓடுகிறது.

அதன் பிறகு, என்னோடு ஆடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது என்ற வீம்பு. எனக்கு வீம்பு கொஞ்சம் கூட என்று என் அம்மாவே சொல்லுவார்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மருந்துக் கடைகளுக்குப் போகிற ஷாம்பு, பற்பசை, சவர்க்காரம் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி ஒட்டி அனுப்புகிற வேலை. நாங்கள் இருந்தது அங்கிருந்து வெகுதூரம், வில்லரேயில். பஸ்ஸில் போவதானால் விடிய முதலே வெளிக்கிட வேண்டும். என் மேசையில் எனக்கு எதிரே நின்று வேலை செய்தவள் அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தாள். தன் வீட்டுக்குக் கிட்டவுள்ள மெட்ரோ வாசலுக்கு நான் வந்து நின்றால், தன் காரில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னாள். அவள் மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்; என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். தகப்பன் ரயிலில் வேலை செய்தவராம். அவள் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் அவள் சொன்னதெல்லாம் எனக்குத் தமிழிலேயே நினைவிருக்கிறது.

அவளுடைய காரில் வானொலி வேலை செய்யாது. கசெற் மட்டும் ஓடும். கசெற்றில் இருந்ததெல்லாம் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய சோல் பாட்டுகள், அவள் பள்ளிக்கூடம் போன காலத்தவை. முதல் மாதம் எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே கேட்டன. பிறகு சில பாட்டுகள் வரும்போது மட்டும் கதையை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினேன். முடிந்ததும், அதைத் திருப்பிப் போடு என்பேன். ஆறேழு தரம் இப்படி நடந்த பிறகு ஒருநாள், நெடுஞ்சாலை நெரிசலில் கார் நின்றுகொண்டிருக்கும்போது, அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ திருப்பிக் கேட்கிற எல்லாமே மூன்று" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் ஸ்டியரிங்கில் தட்டிக் காட்டினாள். உள்ளங்கையால் ஒரு பெரிய அடி. அதற்குள்ளே விரலால் மூன்று சின்ன அடி. அப்படி நான்கு பெரிய அடி போனால் ஒரு சுற்று. இரண்டாவதிலும் நான்காவதிலும் ட்ரம்ஸ்காரன் ஓங்கி ஒன்று வைப்பான். பாடுகிறவன் இந்தச் சின்ன அடிகளுக்கு மேலால் அவசரமே இல்லாமல் இழுத்துக்கொண்டு போவான். நாலு நாலாகப் போகிற பாட்டு நடப்பதற்கு, மூன்று மூன்றாகப் போகிற பாட்டு ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு என்பது அவளுடைய கட்சி. இதை எங்கே படித்தாய் என்று கேட்டேன். எங்கேயும் படிக்கவில்லை, மூன்று கலியாணம் கட்டியிருக்கிறேன் என்றாள்.

மூன்று எனக்குப் புதிதல்ல. ட்ரம்ஸ்காரர் பெண்சாதிக்கு அதுகூடத் தெரியாதா? எங்கள் இலங்கைப் பைலா இருக்கிறதே, அது மூன்றில்தான் துள்ளுகிறது. கலியாண வீட்டில் அந்த அடி விழுந்தால் எங்கள் ஆட்களின் கால் தன்பாட்டில் எழும்பும். இன்னொன்று பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரி. மாதா மகனை மடியில் போட்டு அழுகிற பாட்டு. அதுவும் எங்கள் கோவிலில் மூன்று மூன்றாகத்தான் இழுபடும். ஆக, எங்களுக்கு மூன்று என்றால் ஒன்றில் கலியாண வீடு, இல்லாவிட்டால் செத்த வீடு. நடுவிலே ஒன்றும் கிடையாது. இந்தப் பாட்டுகள் அந்த நடுவிலே இருந்தன. அழவும் இல்லை, துள்ளவும் இல்லை. ஒரு ஆண் ஒரு பெண்ணிடம் நின்று நிதானமாக, வெட்கமில்லாமல், போகாதே என்று கெஞ்சுகிறான். கலியாணம் கட்டி ஒன்பது வருடமான எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. இந்த ஆண்கள் எல்லாம் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பாட்டுக்குள்ளே மட்டும்தான், பிழை விட்டுவிட்டுத்தான் கெஞ்சுகிறார்கள், ஏமாந்துவிடாதே என்றாள் தோழி.

கசெற் வேலை மேசைக்கும் வந்தது. பெட்டியை மடி, ஒட்டு, தள்ளு. அதுவும் மூன்று. பாட்டோடு சேர்ந்து மடித்து ஒட்டித் தள்ளினால் கை நோகாது. என்ன, பாட்டின் வேகத்துக்குத்தான் பெட்டியும் போகும். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு பிரெஞ்சுக்காரர், நல்ல மனிதர். இரண்டு கிழமை எங்களைக் கவனித்துவிட்டு ஒருநாள் காலையில் வந்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "பா த ஸ்லோ, மதாம், பா த ஸ்லோ!" என்றார்; ஸ்லோ வேண்டாமாம். இந்த மாதிரிப் பாட்டுக்கும் அதற்கு ஆடுகிற ஆட்டத்துக்கும் இங்கே பிரெஞ்சில் ஸ்லோ என்றுதான் பெயர். அன்றிலிருந்து காலையில் நாலு நாலு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று என்று சமாதானமானோம்.

பத்தாவது கலியாண நாள் நெருங்கியது. வீம்பு போதும் என்று எனக்கே பட்டது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, இவர் சோற்றைப் போட்டுக்கொண்டு இருந்தபோது கதையைத் தொடங்கினேன்.

"இஞ்சேருங்கோ, கட்டிப் பத்து வருசம் ஆகப்போகுது."

"ஓம், தெரியும். சாப்பாட்டுக்கு ஆரிட்டைச் சொல்லுவம்?"

"சாப்பாட்டைப் பேந்து பாப்பம். எனக்கு ஒரு ஆட்டம் ஆடவேணும்."

"ஆடுவமே. நான் அடிக்கிறன், நீர் ஆடும்."

சோற்றுக் கோப்பையைப் பறிக்கலாமா என்று யோசித்தேன். "நீங்கள் அடிக்க வேண்டாம். என்னோடை நிண்டு ஆடவேணும். ஒரு பாட்டு. முழுசா."

அவர் உண்மையாகவே குழம்பிவிட்டார். "அப்ப ஆர் அடிக்கிறது?"

"ஒருத்தரும் அடிக்க வேண்டாம். சீடியிலை போடுவம்."

தோழி பிரதி பண்ணித் தந்திருந்த பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதியில் கண்ணைத் திறந்து, "உது எங்கட பைலாதானே. நித்திரைத் தூக்கத்திலை போகுது" என்று சொல்லிவிட்டு, இடது கையால் மேசையில் இரண்டு மடங்கு வேகத்தில் அடித்துக் காட்டினார். அச்சொட்டாகப் பொருந்தியது. பொருந்தியதுதான் எனக்குக் கோபம்.

ஆனாலும் மனிதர் சம்மதித்தார். முழுப் பாட்டும் ஆடுவேன் என்று மாதாவின் மேல் சத்தியம் வாங்கினேன். அன்றே குசினியில் பழக்கம் தொடங்கியது. அப்போதுதான் வில்லங்கம் வெளியில் வந்தது. வெற்றிடம் ஒன்றைக் கண்டால் அதில் ஓர் அடி வைக்காமல் அவரால் இருக்க முடியாது. ஒரு பெரிய அடிக்கு ஒரு கால் வைத்தால் போதும் என்றால், மூன்று சின்ன அடிக்கும் மூன்று தரம் வைத்தார். இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் தோளைக் குலுக்கினார். என் முதுகில் வைத்த கை சும்மா இராமல் விரலால் உருட்டி உருட்டி வாசித்தது. "என்ரை முதுகு என்ன மேளமே?" என்று கத்தினேன். "தாளம் பிழைக்கக் கூடாதெல்லே" என்றார், பாவமாக.

தோழியிடம் முறையிட்டேன். அடுத்த ஞாயிறு அவளே வந்தாள், வெளிப்படி முழுவதும் உறைந்து கிடந்த நாளில், கைப்பிடியைப் பிடித்துத் திட்டிக்கொண்டு ஏறி வந்தாள். இவரோடு ஒரு சுற்று ஆடிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு இவரைக் கதிரையில் இருத்தி நியாயமாக எடுத்துச் சொன்னாள். அந்தச் சின்ன அடிகளை அடிப்பதற்கு அங்கே ஒருவன் சம்பளம் வாங்குகிறான். உனக்குச் சம்பளம் இல்லை. அவனுடைய வேலையை அவன் செய்யட்டும், நீ பெரியதை மட்டும் மிதி. மிச்சத்தை உன் பெண்சாதி பார்த்துக்கொள்வாள்.

சோபா தூக்குகிறவருக்கு இது நன்றாக விளங்கியது. இன்னொருவன் பாரத்தைத் தான் தூக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்த நியாயம். அதற்குப் பிறகு கொஞ்சம் அடங்கினார். மூன்றாவது ஞாயிறு, இடியப்ப உரலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையில், ஒரு முழுப் பாட்டும் என் காலை மிதிக்காமல் ஆடினார். எனக்குப் பதினெட்டு வயதுபோல இருந்தது. அவருக்கு வியர்த்துவிட்டது.

கலியாண நாள் சனிக்கிழமை வந்தது. கோவிலுக்குக் கீழே உள்ள மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. மட்டன் ரோல், பற்றிஸ், பெரிய கேக், கதிரைகளுக்கு வெள்ளைத் துணி எல்லாம் ஒழுங்காக நடந்தன. தோழி தங்க நிற உடுப்பில் வந்து, முன் மேசையில் பற்றிஸோடு குந்தியிருந்தாள். நான் சீடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கோஷ்டியில் கிற்றார் அடிக்கிறவர் மைக்கைப் பிடித்தார். அண்ணைக்கும் அக்காவுக்கும் ஒரு அதிசயம் வைத்திருக்கிறோம், சீடி வேண்டாம், அந்தப் பாட்டை நாங்களே பழகிவிட்டோம் என்று அறிவித்தார். ட்ரம்ஸில், வழக்கமாகக் கொங்கா அடிக்கிற தம்பி போய் இருந்தார். சனம் கைதட்டியது. நான் சீடியைக் கைப்பைக்குள் வைத்தேன்.

தொடக்கம் அருமை. உண்மையாகவே பழகியிருந்தார்கள். மெதுவாக, நாலு பெரிய அடி, உள்ளே மூன்று மூன்று. இவர் ஒரு கையால் என் கையைப் பிடித்து, மற்றக் கையை முதுகில் வைத்து, பெரிய அடியை மட்டும் மிதித்தார். மண்டபம் அமைதியாக இருந்தது. எங்களுக்கு இப்படி ஓர் ஆட்டம் ஆடத் தெரியும் என்று அங்கே ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. நான் மேடைப் பக்கம் பார்க்கவே இல்லை.

பிறகு, அன்பு மிகுதியில், பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் தட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் தட்டுவார்கள். ஒரு மேசை தொடங்க மற்ற மேசைகளும் சேர்ந்தன. கொங்காத் தம்பி நல்ல பிள்ளை. கைதட்டுகிற சனத்தை அவர் ஒருநாளும் கைவிட்டதில்லை. சனம் எவ்வளவு தட்டியதோ அவ்வளவுக்கு அடித்தார். அடிக்க அடிக்க வேகம் ஏறியது. இவருடைய தோள் விறைப்பதை என் கை உணர்ந்தது. கழுத்து மேடைப் பக்கம் திரும்பியது.

"இஞ்சேரும், ஓடுறான்."

"ஓடட்டும்."

"பைலாவுக்குப் போறான். பாட்டைக் கெடுக்கப் போறான். ஒரு நிமிசம்..."

அந்த இரண்டு சொல்லையும் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இப்போது எழுதும்போதும் ஆறவில்லை. பத்து வருடக் கோபம். பாட்டில் வருகிற ஆண்கள்போல நான் நின்று கெஞ்சப் போவதில்லை என்று நினைத்தேன். போகிறவர் போகட்டும். விரல்களைத் திறந்து அவருடைய கையை விட்டுவிட்டேன்.

மேடையில் கொங்காத் தம்பிக்கும் நிலைமை விளங்கியிருக்க வேண்டும். அடித்துக்கொண்டே ஒரு தடியை உயர்த்திக் காட்டி, "அண்ணை, வாங்கோ! வாங்கோ!" என்று கூப்பிட்டார். மண்டபம் சிரித்தது. அவர் வழக்கம்போலப் போவார் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் தடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முகத்தை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கத்தான் அந்த முகம்.

"நீ அடியடாப்பா!" என்று மேடையைப் பார்த்துக் கத்தினார். கத்திவிட்டு, திறந்தபடியே கிடந்த என் கையைத் திரும்பப் பிடித்தார். முன்னர் பிடித்ததைவிட இறுக்கமாகப் பிடித்தார். மோதிரம் விரலில் குத்தியது.

இதற்குள் பாட்டு முழுப் பைலாவாகிவிட்டது. சனம் கதிரைகளைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து வந்தது. கைகளைத் தூக்கினார்கள், விசிலடித்தார்கள், யாரோ ஒரு சித்தப்பா முகம் துடைக்கிற லேஞ்சியைச் சுழற்றினார். தோழி பற்றிஸை வைத்துவிட்டு அவரோடு சேர்ந்து துள்ளினாள். எங்களைக் கடந்து போகும்போது என் காதுக்குள் கத்தினாள்: "என் பாட்டை என்ன செய்துவிட்டீர்கள்!" கத்திவிட்டு இன்னும் உயரத் துள்ளினாள். எல்லோருக்கும் நடுவில் நாங்கள் இருவர் மட்டும் பழைய வேகத்திலேயே, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, குசினியில் பழகிய மாதிரிக் கால் மாற்றிக்கொண்டு நின்றோம். எந்த அடிக்கு மிதிக்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது. என் காலை நாலு தரம் மிதித்தார். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசம் அதற்கு முன் வந்ததில்லை. மறைக்க ஒன்றும் இல்லை, அதுதான் உண்மை.

அவருடைய தோளில் நாடியை வைத்துக்கொண்டு கேட்டேன், "அவன் இப்பிடிப் பிழையா அடிக்க, உங்களுக்குக் காது எரியேல்லையோ?"

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.

பச்சைப் பொய். ஒவ்வொரு பிழையான அடிக்கும் அவருடைய தாடை இறுகுவது என் கன்னத்தில் தெரிந்தது. எங்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்த கோஷ்டிக்காரர்கள் பாட்டை நிறுத்தாமல், முதலிலிருந்து திருப்பித் திருப்பி அடித்தார்கள். கடைசி அடி விழும்வரை அவர் அந்தப் பொய்யை மாற்றவில்லை.